பொருளியல் மேற்படிப்பு: கணிதத் தயாரிப்பு முதல் ஆய்வேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டப்படிப்பில் பொருளியல் என்றால் கரும்பலகையில் இரண்டு கோடுகள். ஒன்று மேலேறும், ஒன்று கீழிறங்கும், வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை. மேற்படிப்பின் முதல் வகுப்பில் அந்தக் கோடுகளைக் காணோம். "எக்ஸ் என்பது ஒரு குவிவுக் கணம் என்க" என்று பேராசிரியர் ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து வகுப்பு முடிந்தபோது விலை என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வந்திருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் "இது கணிதத் துறை வகுப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவருக்கும் அதே சந்தேகம்.

இந்த அதிர்ச்சியைப் பற்றி எல்லோரும் முன்கூட்டியே எச்சரிப்பார்கள். இதைவிடப் பெரியது ஒன்று மூன்றாம் ஆண்டில் காத்திருக்கிறது. அதுவரை யாரோ கேட்ட கேள்விக்கு விடை எழுதி வந்தவர், அன்றிலிருந்து கேள்வியையே தான் தேடிப் பிடிக்க வேண்டும். முதல் ஆண்டில் எல்லாத் தேர்விலும் முன்னால் நின்றவர்கள்கூட அங்கே தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே சொல்லும் படிகள் எல்லாம் அந்த மூன்றாம் ஆண்டை மனதில் வைத்தே எழுதியவை.

முதல் படி: எந்தப் பட்டம் என்று முடிவு செய்வது

முதுநிலைப் பட்டம் வேறு, முனைவர் பட்டம் வேறு. ஒன்றின் நீட்சிதான் மற்றொன்று என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். முதுநிலையிலேயே இரண்டு வகை உண்டு. கொள்கை, நிதி, தரவுப் பகுப்பாய்வு என்று வேலைக்குத் தயார் செய்வது ஒரு வகை. முனைவர் படிப்புக்கு அடித்தளம் போடும் ஆராய்ச்சி முதுநிலை இன்னொரு வகை. பெயர் ஒன்றுபோல இருக்கும். பாடத்திட்டத்தில், தனிமனிதர்கள், நிறுவனங்களின் முடிவுகளை ஆராயும் நுண்ணினப் பொருளியலை நிரூபணம் எழுதிக் கற்கும் வகுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

அமெரிக்க முறையில் பட்டப்படிப்பு முடித்த கையோடு நேராக முனைவர் படிப்பில் சேரலாம். முதல் இரண்டு ஆண்டு வகுப்புகள், அப்புறம் ஆய்வு, மொத்தம் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுநிலையை முதலில் முடித்துவிட்டு, பிறகு மூன்று நான்கு ஆண்டு முனைவர் ஆய்வு. கூட்டிப் பார்த்தால் காலம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உங்களுக்கு முனைவர் பட்டம் தேவையா என்பதற்கு ஒரு எளிய சோதனை சொல்கிறேன். நீங்கள் விரும்பும் வேலையில் இப்போது இருக்கும் பத்துப் பேரின் படிப்பைப் பாருங்கள். பல்கலைக்கழக ஆசிரியப் பணி, மத்திய வங்கிகளின் ஆராய்ச்சிப் பிரிவு, பன்னாட்டு நாணய நிதியம், உலக வங்கி ஆகியவற்றின் ஆராய்ச்சிப் பதவிகள், பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் பொருளியலாளர் குழுக்கள் என்றால் முனைவர் பட்டம் கிட்டத்தட்ட நுழைவுச்சீட்டு. மற்ற பல வேலைகளுக்கு நல்ல முதுநிலையே போதும். பங்குச் சந்தையில் சம்பாதிக்க வேண்டும் என்பதற்காக யாரும் இந்தப் படிப்புக்கு வர வேண்டாம். அது இங்கே சொல்லித்தரப்படுவதில்லை.

பணம் பற்றி ஒன்று. நல்ல முனைவர் திட்டங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உதவித்தொகையும் தரும். பதிலுக்கு நீங்கள் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுப்பீர்கள், விடைத்தாள் திருத்துவீர்கள். கடன் வாங்கி முனைவர் படிப்புப் படிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: கணிதம்

இங்கே கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் பலர் தவறாகத் தயாராவது இதில்தான்.

தேவையானவை நான்கு: பல மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவும் புள்ளியியலும், மெய்ப் பகுப்பாய்வு (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிரூபணத்தோடு கற்கும் கணிதம்). முதல் மூன்றும் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மெய்ப் பகுப்பாய்வு எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பட்டப்படிப்பில் சமநிலை விலை இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டோம். பல பொருள்கள், பல நுகர்வோர், பல நிறுவனங்கள் உள்ள பொருளாதாரத்தில் அப்படி ஒரு விலைத் தொகுதி இருந்தே ஆக வேண்டுமா? 1954இல் கென்னத் ஆரோவும் ஜெரார்ட் டெப்ரூவும் சில நிபந்தனைகளின் கீழ் இருக்கும் என்று நிரூபித்தார்கள். அதற்கு அவர்களுக்குக் கைகொடுத்தது, ஒரு சார்பு ஏதாவது ஒரு புள்ளியையாவது நகர்த்தாமல் விடும் நிபந்தனைகளைச் சொல்லும் நிலைப்புள்ளித் தேற்றம். முழுப் பொருளாதாரத்தையும் ஆராயும் பேரினப் பொருளியலில், இன்றைய முடிவையும் நாளைய பலனையும் இணைக்க வரும் பெல்மன் சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்பதற்கும் பனாக்கின் சுருக்கத் தேற்றம் வேண்டும். இந்த மொழி தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்தால், படம் ஓடிக்கொண்டிருக்கும், வசனம் மட்டும் கேட்காது.

எப்படிப் பயில்வது? ஒரு சின்னப் பயிற்சியைக் காட்டுகிறேன். ஒரு நுகர்வோரிடம் குறிப்பிட்ட வருமானம் இருக்கிறது. விலைகள் எல்லாம் பூஜ்யத்தை விட அதிகம். அவருடைய திருப்தியை எண்ணாகச் சொல்லும் பயன்பாட்டுச் சார்பு தொடர்ச்சியானது. அவருக்கு மிகச் சிறந்த பொருள்கூட்டு ஒன்று கண்டிப்பாக இருக்கும் என்று நிரூபியுங்கள். வாங்கக்கூடிய பொருள்கூட்டுகளின் கணம் மூடியது, வரம்புக்குட்பட்டது என்று காட்ட வேண்டும். அதன்பின், அப்படிப்பட்ட கணத்தில் தொடர்ச்சியான சார்புக்கு உச்சம் உண்டு என்ற வயர்ஸ்ட்ராஸ் தேற்றம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நான்கு வரி.

இப்போது ஒரே ஒரு பொருளின் விலையைப் பூஜ்யமாக்குங்கள். நிரூபணத்தில் எந்த வரி உடைகிறது? வரம்புக்குட்பட்டது என்று சொன்ன வரி. இலவசப் பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுக்க எடுக்க அவருக்குத் திருப்தி கூடிக்கொண்டே போனால், மிகச் சிறந்தது என்று ஒன்று இருக்கவே இருக்காது. தேற்றத்தைப் படிப்பது பாதி வேலை, ஒவ்வொரு நிபந்தனையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து எது சரிகிறது என்று கவனிப்பது மீதிப் பாதி. மூன்றாம் ஆண்டில் கேள்வி தேடும்போதும் இதே பழக்கம்தான் உதவும். ஒரு புகழ்பெற்ற ஆய்வின் எந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் முடிவு மாறும் என்று கேட்பதில் பல நல்ல ஆய்வேடுகள் பிறந்திருக்கின்றன.

புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். பார்த்துப் புரிந்துகொண்டது அடுத்த நாள் காலையில் இருக்காது.

மூன்றாம் படி: கணினி

தரவை அலச உதவும் ஆர், பைதான், ஸ்டேட்டா ஆகிய மென்பொருள்களில் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றையும் அரைகுறையாகத் தெரிந்து வைப்பதில் பயனில்லை. பேரினப் பொருளியல் பக்கம் போகிறவர்களுக்கு மேட்லேபோ ஜூலியாவோ பின்னால் தேவைப்படும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். கணிதக் கட்டுரைகளை அச்சுக்கோக்கும் லேடெக்ஸில் எழுதவும், கிட் என்ற கருவியில் கோப்புகளின் பழைய வடிவங்களைச் சேமிக்கவும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று கோப்புக்குப் பெயர் வைக்கும் வழக்கம் அன்றோடு ஒழியும்.

நான்காம் படி: விண்ணப்பம்

விண்ணப்பத்தில் மதிப்பெண், ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு, நோக்க உரை, பரிந்துரைக் கடிதங்கள் என்று நான்கு பகுதிகள் இருந்தாலும், எடை சமமாக இல்லை. ஜிஆர்இயின் கணிதப் பகுதியில் உச்ச மதிப்பெண்ணான 170க்கு மிக அருகில் வாங்கினால் யாரும் கைதட்ட மாட்டார்கள். குறைவாக வாங்கினால் மட்டும் கவனிப்பார்கள். அது ஒரு வாசல்படி, அவ்வளவுதான். சில துறைகள் அதைக் கேட்பதையே நிறுத்திவிட்டன.

கடிதங்கள்தான் தீர்மானிக்கின்றன. புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர் "என் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தார்" என்று எழுதும் கடிதத்தை விட, அதிகம் அறியப்படாத ஒருவர் "என்னிடம் ஓராண்டு வேலை செய்தார், என் தரவில் நானே கவனிக்காத ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்" என்று எழுதுவது பல மடங்கு வலிமையானது. அப்படிக் கடிதம் எழுத ஒருவர் வேண்டுமென்றால், அவரிடம் நீங்கள் ஆராய்ச்சி வேலை செய்திருக்க வேண்டும். முனைவர் படிப்புக்கு முன் ஓரிரு ஆண்டுகள் முழுநேர ஆராய்ச்சி உதவியாளராக இருக்கும் 'ப்ரீடாக்' வேலைகள் பெருகியது இதனால்தான். இன்னொரு லாபமும் உண்டு. இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்குமா என்று ஆறு ஆண்டுகளை அடகு வைக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

நோக்க உரையில் சிறுவயதில் விலைவாசியைக் கண்டு வியந்த கதை வேண்டாம். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் அந்தக் கதையை நூறு முறை படித்திருப்பார்கள். எந்தக் கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது, அதில் இதுவரை என்ன செய்தீர்கள், அந்தத் துறையில் யாரிடம் அதைத் தொடர முடியும் என்ற மூன்றும் போதும்.

அமெரிக்கத் திட்டங்களுக்கான கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டியே வரும், கிடைத்த இடத்தை ஏற்பதா என்று நீங்கள் பதில் சொல்லும் கெடு ஏப்ரல் 15. ஒன்றுக்கு மேல் இடம் கிடைத்தால், துறைத் தளத்தில் முன்னாள் மாணவர்கள் எங்கே போனார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். முதலிடத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள், நடுவில் இருப்பவரைப் பாருங்கள். நீங்கள் அங்கே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்காமல் போனார்கள் என்று இப்போது படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். தளத்தில் அது இருக்காது.

ஐந்தாம் படி: முதல் ஆண்டைக் கடப்பது

மூன்று பாடங்கள். நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், தரவைக் கொண்டு அளக்கும் பொருளாதார அளவையியல். பேச்சுவழக்கில் மைக்ரோ, மேக்ரோ, மெட்ரிக்ஸ்.

மைக்ரோவில் நுகர்வோர், உற்பத்தியாளர், பொதுச் சமநிலை என்று தொடங்கி, ஒருவர் முடிவு மற்றவரின் முடிவைச் சார்ந்திருப்பதை ஆராயும் ஆட்டக் கோட்பாடு, ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாத தகவல் சமமின்மை என்று போவார்கள். மேக்ரோவில் பொருளாதார வளர்ச்சியை விளக்கும் 1956இன் சோலோ மாதிரி ஒரு வாரத்தில் பறந்துவிடும். அதன்பின் 1928இல் ஃபிராங்க் ராம்சே தொடங்கிவைத்த உகந்த சேமிப்புக் கணக்கு, பல காலகட்ட முடிவுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் இயங்குநிலை நிரலாக்கம், கிட்லாண்டும் பிரெஸ்காட்டும் 1982இல் முன்வைத்த வணிகச் சுழற்சி மாதிரி, விலை உடனே மாறாமல் ஒட்டிக்கொள்ளும் புதிய கெயின்சிய மாதிரிகள். ஏன் இவ்வளவு சிரமப்பட்டுத் தனிமனிதர்களின் முடிவிலிருந்து பொருளாதாரத்தைக் கட்டுகிறார்கள் என்று எரிச்சல் வரும்போது, ராபர்ட் லூகாஸ் 1976இல் எழுப்பிய விமர்சனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொள்கை மாறினால் மக்களின் எதிர்பார்ப்பும் மாறும், அதனால் பழைய தரவில் கண்ட தொடர்பு புதிய கொள்கையின் கீழ் நிற்காது. மெட்ரிக்ஸில், மாறிகளுக்கு இடையிலான தொடர்பை அளக்கும் ரெக்ரஷனை மறுபடி அடியிலிருந்து கற்பீர்கள். பட்டப்படிப்பில் கற்றது ஒரு பொத்தானை அழுத்துவது என்று அப்போதுதான் தெரியும்.

வாராவாரம் வரும் கணக்குத் தொகுப்புதான் உண்மையான வகுப்பு. முதலில் தனியாக முட்டி மோதுங்கள், குறைந்தது ஒரு மாலை. பிறகு மூன்று நான்கு பேர் சேர்ந்து உட்காருங்கள். அப்புறம் மறுபடி தனியாக, குறிப்பைப் பார்க்காமல் எழுதுங்கள். இந்த வரிசை முக்கியம். நேராகக் குழுவில் உட்கார்ந்தால் கெட்டிக்காரர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு எழுந்து வருவோம். நான் முதல் பருவம் முழுக்க அப்படித்தான் தலையாட்டினேன், இடைத்தேர்வில் அதன் பலனைப் பார்த்தேன்.

ஆண்டு முடிவில் தகுதித் தேர்வு. கடந்த ஆண்டுகளின் கேள்வித்தாள்களை நேரம் குறித்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். பெரும்பாலான துறைகளில் இரண்டாம் வாய்ப்பு உண்டு, அதில் தேறி நன்றாக வந்தவர்களும் உண்டு. தேர்ச்சி பெற்றதும் மதிப்பெண்ணை மறந்துவிடலாம். ஆய்வேடு முடிக்கும்போது அதை யாரும் கேட்கப்போவதில்லை.

ஆறாம் படி: ஆய்வுக் கட்டுரை வாசிப்பு

இரண்டாம் ஆண்டில் தொழிலாளர் பொருளியல், வளர்ச்சி, வணிகம், பொது நிதி என்று சிறப்புத் துறைகள். பாடப்புத்தகம் போய், கட்டுரைகள் வரும். நாற்பது ஐம்பது பக்கம், வாரத்துக்குப் பல. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முயன்றால் மூழ்கிவிடுவீர்கள்.

முன்னுரையைப் படியுங்கள், பிறகு முக்கிய அட்டவணைக்குப் போங்கள். அங்கே நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: இவர்கள் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்?

பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. பாடப்புத்தகப்படி வேலைவாய்ப்பு குறைய வேண்டும். கூலி உயர்வுக்கு முன்னும் பின்னும் துரித உணவகங்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். உயர்வுக்குப் பின் என்ன ஆயிற்று என்று மட்டும் பார்த்திருந்தால், அந்த நேரத்தில் இருந்த மந்தநிலையின் விளைவும் அதில் கலந்திருக்கும். அதனால் கூலி மாறாத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதி உணவகங்களையும் எடுத்தார்கள், இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 410. இங்கே நடந்த மாற்றத்திலிருந்து அங்கே நடந்த மாற்றத்தைக் கழித்தார்கள். வேலைவாய்ப்பு குறைந்ததற்கான அடையாளம் இல்லை.

இந்த முடிவு எந்த நூலில் தொங்குகிறது என்று தேடுங்கள். கூலி உயராமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவைப் போலவே போயிருக்கும் என்ற ஊகத்தில். அதைச் சோதிப்பது எப்படி? உணவகங்களைத் தொலைபேசியில் கேட்டதற்குப் பதிலாகச் சம்பளப் பதிவேட்டை எடுத்தால் என்ன வரும்? இதே கேள்விகளைக் கேட்டுப் பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் சண்டைக்கு வந்தார்கள், கார்டும் குரூகரும் பதில் எழுதினார்கள். 2021இல் கார்டுக்கு நோபல் கிடைத்தது. 2019இல் மறைந்துவிட்டதால் குரூகர் அந்த மேடையில் இல்லை.

வாசித்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தரவை வாங்கி, அதன் முக்கிய அட்டவணையை நீங்களே மறுபடி உருவாக்கிப் பாருங்கள். மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் செய்தது இதைத்தான். அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று பொருளியலாளர்கள் ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010இல் சொல்லியிருந்தார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். வகுப்புக்கான பயிற்சியாக அதைத் திரும்பச் செய்ய முயன்ற ஹெர்ண்டனுக்கு எண்கள் ஒத்துவரவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமே கேட்டு எக்செல் கோப்பை வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும் நாடுகளுக்குக் கொடுத்த எடையும் முடிவை இன்னும் அதிகமாக இழுத்திருந்தன. தன் பேராசிரியர்கள் இருவருடன் சேர்ந்து 2013இல் அவர் வெளியிட்ட கணக்கில், கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய பிரிவின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 அல்ல, 2.2 சதவீதம்.

ஏழாம் படி: மூன்றாம் ஆண்டு

வகுப்பு இல்லை, தேர்வு இல்லை, கால அட்டவணை இல்லை. காலையில் எழுந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, நல்ல கேள்வி ஒன்றைக் கண்டுபிடிப்பது. கேட்பதற்குச் சொர்க்கம் போலத் தோன்றும். இரண்டு மாதத்தில் நரகம் ஆகிவிடும்.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு யோசனை, ஒரு பக்கம். கேள்வி என்ன, விடை தெரிந்தால் யார் மனம் மாறும், எந்தத் தரவு வேண்டும், எதை எதோடு ஒப்பிடுவேன். அவ்வளவுதான். பக்கத்தை எழுதி முடிக்கும்போதே பாதி யோசனைகள் செத்துவிடும். மீதியில் பாதி, ஏற்கெனவே யாரோ செய்துவிட்டார்கள் என்று தேடும்போது போகும். இதற்காக வருந்த வேண்டாம். ஒரு பக்கத்தில் சாகும் யோசனை, ஓராண்டு கழித்துச் சாவதை விட எவ்வளவோ மேல். என் நோட்டில் முப்பதுக்கு மேல் இருந்தன, ஆய்வேட்டில் சேர்ந்தவை மூன்று.

'யார் மனம் மாறும்' என்ற கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். புதிதாக ஒரு உத்தியைக் கற்றுக்கொண்டவர் அதைப் பயன்படுத்த இடம் தேடி அலைவார். கையில் சுத்தியல், கண்ணில் படுவதெல்லாம் ஆணி. விடை ஆம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் சுவாரஸ்யமாக இருக்கும் கேள்வியைத் தேடுங்கள். ஒரு பக்க விடை மட்டுமே சுவாரஸ்யம் என்றால், பாதி வாய்ப்பில் உங்கள் உழைப்பு வீண்.

யோசனையை வெளியே சொல்லப் பயப்படாதீர்கள். யாரும் திருடப்போவதில்லை, கேட்கவைப்பதே பெரும்பாடு. மாணவர் கருத்தரங்கில் அரைகுறையாக இருக்கும்போதே பேசுங்கள்.

வழிகாட்டி விஷயத்திலும் கவனம் வேண்டும். பெரிய பெயர் இருந்து, மாதத்துக்கு ஒரு முறைகூடப் பார்க்க முடியாதவர் மட்டும் போதாது. உங்கள் கட்டுரையை வரி வரியாகப் படிக்கும் இளைய ஆசிரியர் ஒருவரும் உங்கள் ஆய்வேட்டுக் குழுவில் இருக்கட்டும். வழிகாட்டியைச் சந்திக்கப் போகும்போது கையில் ஏதாவது எடுத்துச் செல்லுங்கள், ஒரு வரைபடமாவது. எதுவும் முன்னேறவில்லை என்று சந்திப்பைத் தள்ளிப்போடுவது ஒரு பொறி. ஒரு முறை தள்ளினால் அடுத்த முறை இன்னும் பெரிதாக எதையாவது காட்ட வேண்டும் என்று தோன்றும், அப்படியே பருவம் போய்விடும்.

இந்தக் கட்டத்தில் மனம் சோர்வது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. அமெரிக்காவின் எட்டு முன்னணிப் பொருளியல் துறைகளில் முனைவர் மாணவர்களிடம் எடுத்த ஆய்வில் 18 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது தீவிரமான மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் இருந்தன. தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால், வழிகாட்டியிடம் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

மறுப்புக்கும் பழகிக்கொள்ளுங்கள். பழைய கார் சந்தையை வைத்துத் தகவல் சமமின்மையை விளக்கிய ஜார்ஜ் அகர்லாஃபின் கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. இரண்டு இதழ்கள் அற்பமான விஷயம் என்றன. 1970இல் நான்காவது இதழில் வந்தது, 2001இல் நோபல் கிடைத்தது.

எட்டாம் படி: வேலைச் சந்தை

ஆய்வேடு என்பது பெரும்பாலும் மூன்று தனிக் கட்டுரைகள். அவற்றில் ஒன்று மட்டும் உங்கள் முகமாக வெளியே போகும், அதற்கு 'வேலைச் சந்தைக் கட்டுரை' என்றே பெயர். கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடையிலேயே அது நின்று பேசும் நிலையில் இருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் விண்ணப்பம், குளிர்காலத்தில் நேர்காணல், அதில் தேறினால் நேரில் அழைத்து ஒரு நாள் முழுக்க உரையும் உரையாடலும். அமெரிக்கப் பொருளியல் சங்கம் நடத்தும் விளம்பரப் பட்டியலில் உலகம் முழுவதிலிருந்தும் வேலைகள் வரும். உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வமுள்ள ஓரிரு இடங்களுக்கு அதைத் தெரிவிக்க ஒரு சமிக்ஞை முறையும் அங்கே உண்டு. மைக்ரோ வகுப்பில், தன் தகுதியை வெளியே தெரியும் செயலால் காட்டுவதைப் பற்றிய ஸ்பென்ஸின் சமிக்ஞை மாதிரியைப் போட்டுத் தீர்த்தவர்கள் தங்கள் சொந்தச் சந்தைக்கே அதைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

உங்கள் கட்டுரையை இரண்டு வாக்கியத்தில், பொருளியல் படிக்காத ஒருவருக்குப் புரியும்படி சொல்லப் பழகுங்கள். உரையில் மூன்றாவது ஸ்லைடைத் தாண்டுவதற்குள் யாராவது குறுக்கிடுவார்கள். கேள்வி பெரும்பாலும் நீங்கள் வாசிக்கப் பழகியதேதான்: எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

வேலை கிடைத்ததும் மறந்துவிடும் ஒரு காரியம் உண்டு. பட்டம் முடிந்த சில மாதங்களில் பல்கலைக்கழகக் கணக்கும் சர்வர் அனுமதியும் முடக்கப்படும். அதற்குள் நிரல்கள் எல்லாவற்றையும், உரிமம் அனுமதித்தால் தரவையும், எந்தக் கோப்பை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்ற குறிப்போடு நகல் எடுத்து வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து இதழின் மதிப்பீட்டாளர் ஐந்தாம் அட்டவணையில் ஒரு மாறியை மாற்றிக் கேட்பார்.